கூப்பிடாத சாயங்காலம்

திருவண்ணாமலை
12.8.2025

ஸ்வேதாவுக்கு,

குசுமாவதி எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே மாமியார் மருமகள் சண்டை வந்துவிடுகிறது, மூன்றாவதில் நீ கட் செய்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. தபால் ஆபீஸிலேயே காலத்தைக் கழித்த எனக்கு இதுதான் கைவந்த வேலை.

விஷயத்துக்கு வருகிறேன். அஜிதனுடைய கம்ப்யூட்டர் பேசுகிறது.

சிரிக்காதே. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போன அன்றே ஆரம்பித்தது. நம் தெருவில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், மலை மறைத்தாலும் மறைவு மறைவுதான் என்பது நம் ஜைன வழக்கத்துக்கு மேல் உன் மாமனார் வைத்துவிட்டுப் போன சட்டம். அன்று நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. பங்குனியில் பிள்ளையைப் பறிகொடுத்து, ஆடியில் மருமகளும் கோபித்துக்கொண்டு போனபின் யாருக்காகச் சமைப்பது? மாடி அறையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, வெளிச்சம் போகுது. சாப்பிடும்மா."

அவன் குரல் இல்லை. ஜலதோஷம் பிடித்த ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரு குரல். ஆனால் அந்த வார்த்தை அவனுடையது. மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறது. நீ இருந்த நாலு மாதமும் அது ஏன் வாயைத் திறக்கவில்லை? ரிப்பேர் கடை கோபியைக் கூட்டிவந்து காட்டினேன். "இது இன்னாம்மா, இத யாருமே யூஸ் பண்றதில்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுத் தரேன்"னு சொன்னான். நீ வந்து பார்க்கிறாயா, அவனைவிட்டு அழிக்கச் சொல்லட்டுமா?

அவன் போனையும் என்னைக் கேட்காமல் எடுத்துப் போய்விட்டாய். அதையும் மறக்கவில்லை.

குசுமாவதி


சென்னை
17.8.2025

அத்தைக்கு,

வணக்கம். கோபியை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவிடாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவர் எழுதிவைத்த ஒரு புரோகிராம். நாங்கள் இரண்டு பேரும் சிரவணபெளகொளாவுக்கு யாத்திரை போவதாக இருந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்களை முதல்தடவையாகத் தனியே விட்டுப் போகிறோமே, சாயங்காலம் சாப்பிடாமல் படுத்துவிடுவார்களே என்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அது இதுவாகத்தான் இருக்கும்.

அதில் போட்டிருப்பது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச மென்பொருள். யாரும் பயன்படுத்துவதில்லை என்பதெல்லாம் தப்பு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். அதனால்தான் செங்கம் ரோட்டில் விடுதிக்காரர்கள் தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து இதைப் போட்டார். மெனு எல்லாம் தமிழில்தான் இருக்கும்.

ஆகவே நீங்களே படிக்கலாம். 'கோப்புகள்' என்பதை அழுத்துங்கள். உங்கள் பெயரிலோ 'அம்மா' என்றோ ஒரு கோப்பு இருக்கும். அதை இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். உள்ளே இருப்பதை அப்படியே காகிதத்தில் எழுதி அனுப்புங்கள். வரிக்கு முன்னால் அவர் இடம் விட்டிருந்தால் நீங்களும் அதே அளவு விட வேண்டும். கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்திருக்கும். அதை மூடிவிடாதீர்கள், அதற்குள்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

போன் என்னிடம்தான் இருக்கிறது. பீரோவில், புடவைகளுக்கு அடியில். ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். அதில் அவர் குரல் இருக்கிறது, அதனால் எடுத்துவந்தேன். ஆபீஸ் வேலையாகத்தான் அப்போது இங்கே வந்திருந்தேன், "அவன் காய்ச்சல்ல கிடந்தப்ப இவ சென்னையில உட்கார்ந்துட்டிருந்தா" என்று சொந்தக்காரர்கள் முன்னால் நீங்கள் சொன்னதை நானும் மறக்கவில்லை.

ஸ்வேதா


திருவண்ணாமலை
25.8.2025

ஸ்வேதாவுக்கு,

எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன், எலி என்கிறீர்களே அதை மேசையை விட்டே ஓட்டிவிட்டேன், ஆனாலும் எழுதிவிட்டேன்.

திறந்ததும் அழுகை வந்தது. நீங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில்தான் எழுதுவீர்கள் என்று நினைத்திருந்தேன். 'வெளிச்சம்', 'வீட்டில்_இருப்பவர்கள்', 'கூப்பிடு' என்று முக்கால்வாசி தமிழில் எழுதியிருக்கிறான். நான் என்றைக்காவது படிப்பேன் என்று தெரிந்த மாதிரி எழுதியிருக்கிறான். நடுவில் if என்று வருகிறது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், தபால் ஆபீஸ் சட்டப்புத்தகம் முழுக்க அதுதான். முன்னால் விட்ட இடத்தை விரலால் அளந்து அப்படியே விட்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு நியமம் எடுத்திருக்கிறேன். அது கூப்பிட்டால்தான் சாயங்காலச் சாப்பாடு. கோவிலில் கைகூப்பி எடுத்துக்கொண்டது, அதனால் மாற்ற முடியாது. அவன் கூப்பிட்டுச் சாப்பிடுகிறேன் என்றால் தொண்டையில் இறங்குகிறது, இல்லாவிட்டால் இறங்கவில்லை.

நேற்று அது கூப்பிடவில்லை.

தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் போய்விட்டது. எடுத்து வைத்துவிட்டுப் படுத்தேன். இன்று மறுபடியும் கூப்பிட்டது. நேற்று மட்டும் ஏன் கூப்பிடவில்லை என்று அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சொல்.

குசுமாவதி


சென்னை
30.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

அவர் எழுதியதை உங்கள் கையெழுத்தில் படிப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆபீஸில் என்னோடு இருப்பவர்கள் இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை.

அது செய்வது இவ்வளவுதான். நம் வீட்டு வைஃபையில் எந்தெந்த போன் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது. அதற்கு மூன்று போன்தான் தெரியும். உங்களுடையது, என்னுடையது, அவருடையது. கோபியோ பக்கத்து வீட்டு அருணாதேவி அக்காவோ போனோடு வந்தால் அதன் கணக்கில் வரமாட்டார்கள். வெளிச்சம் போகப்போகிற நேரத்தில் மூன்றில் எத்தனை வீட்டில் இருக்கிறது என்று எண்ணும். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம், அப்போது கூப்பிடும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் வாயைத் திறக்காது. கூட ஆள் இருக்கிறது, அவர்களே சாப்பிடக் கூப்பிடுவார்கள் என்று விட்டுவிடும்.

நான் அங்கே இருந்தவரை அது பேசாததற்கும், நான் கிளம்பிய அன்றே பேசியதற்கும் அதுதான் காரணம். பயப்பட ஒன்றும் இல்லை.

ஒருநாள் கூப்பிடவில்லை என்றால் கரன்ட் போயிருக்கும், அல்லது ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கும். தயவுசெய்து நியமம் என்றெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, ராத்திரி மாத்திரையை வெறும் வயிற்றில் போட முடியாது. போன வருஷம் மயங்கி விழுந்ததை மறந்துவிட்டீர்களா? இப்போது விழுந்தால் தூக்க யாரும் இல்லை.

ஸ்வேதா


திருவண்ணாமலை
9.9.2025

அன்புள்ள ஸ்வேதா,

கரன்ட் போகவில்லை. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வயர் கழலவில்லை, மறுநாள் அதே வயரில்தான் பேசியது. வைஃபை பெட்டியில் விளக்கு எரிந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பதினைந்து நாளில் இன்னும் சில சாயங்காலம் அது கூப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. நேற்று எழுந்திருக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அருணாதேவி வந்து சர்க்கரை கரைத்துக் கொடுத்தாள். "இன்னாக்கா இது, நியமம் எடுக்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"ன்னு கத்தினாள். உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன், இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்று போனில் இரண்டு வீட்டில் இருந்தால் அது பேசாது என்று நீதானே எழுதியிருக்கிறாய்? என் போன் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. உன் போன் உன்னிடம் இருக்கிறது.

அப்படியென்றால் அந்தச் சாயங்காலங்களில் இரண்டாவது யார்?

அந்த நாட்களில் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? சத்தமே இருக்காது. ஆனால் காலியாக இருக்காது. நீங்கள் இரண்டு பேரும் மாடியில் ஏதோ வேலையாக இருப்பீர்களே, நான் கீழே பூ கட்டிக்கொண்டிருப்பேனே, அப்படி இருக்கும். ஒருதடவை என்னையறியாமல் "அஜிதா, கீழ வாடா"ன்னு கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்டபிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

குசுமாவதி


சென்னை
14.9.2025

அத்தைக்கு,

கடிதம் வந்ததும் பீரோவைத் திறந்தேன். அவர் போன் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. சார்ஜ் சுத்தமாக இல்லை. பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் கறுப்பாகவே கிடக்கிறது. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் ரூமில் கூட இருக்கும் பொன்னி வந்து விளக்கைப் போட்டாள்.

எண்ணுவதில் ஏதோ தப்பு நடக்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, ஆனால் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் தப்பாகச் செய்யும். அதைக் கண்டுபிடிக்க என்ன எண்ணுகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். நீங்களே ஒரு வரி எழுதப் போகிறீர்கள்.

அந்தக் கோப்பில் 'வீட்டில்_இருப்பவர்கள்' என்று எண்ணி முடிக்கிற வரிக்கு அடுத்த வரியில் print என்று அடித்து, வளைவுக்குறிகளுக்குள் வீட்டில்_இருப்பவர்கள் என்று அடியுங்கள். சேமியுங்கள். பிறகு கறுப்பு ஜன்னலுக்குப் போய் கன்ட்ரோல் பட்டனையும் C-யையும் சேர்த்து அழுத்தினால் ஓடுவது நிற்கும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வரும், என்டர் தட்டினால் மறுபடி ஓடும். தினமும் எண்ணி முடித்ததும் எண்ணைத் திரையில் காட்டும்.

அதுவரை கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் சாப்பிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அவர் எழுதியதே உங்களைச் சாப்பிட வைக்கத்தான். அதை வைத்தே நீங்கள் பட்டினி கிடந்தால் நான் அவருக்கு என்ன பதில் சொல்வேன்?

ஸ்வேதா


திருவண்ணாமலை
24.9.2025

அன்புள்ள ஸ்வேதா,

உன் மாமியார் புரோகிராம் எழுதிவிட்டாள். ஆபீஸில் சொல்.

முதலில் அது ஓடவில்லை. இங்கிலீஷில் என்னமோ திட்டியது. பார்த்தால் வரிக்கு முன்னால் இடம் விடாமல் சுவரோடு ஒட்டி எழுதியிருக்கிறேன். மேல் வரிக்கு நேராக நகர்த்தியதும் வாயை மூடிக்கொண்டது. அதைவிடக் கஷ்டம் அதை நிறுத்தியதுதான். நிறுத்தினால் திரும்ப வருமா என்று அந்த இரண்டு பட்டனையும் தொட்டுத் தொட்டு விட்டேன். ஒருதடவை நின்றுபோனதைத் திரும்ப ஓடவைக்க முடியாது என்பதை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தவள் இல்லையா? அம்புக்குறி, என்டர். வந்துவிட்டது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

இப்போது தினமும் பார்க்கிறேன். கூப்பிடுகிற நாளில் திரையில் 1. கூப்பிடாத நாளில் 2.

நான் இப்போது எல்லா நாளும் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. நியமத்தை முறிக்கவில்லை. கூட ஆள் இருந்தால் கூப்பிடத் தேவையில்லை என்று அவனே எழுதியிருக்கிறானே, அதனால் 2 வருகிற அன்று இரண்டு தட்டு போடுகிறேன். சோறு குறைவதில்லை, எனக்கு ஒன்றும் பைத்தியம் இல்லை. வைத்தது வைத்தபடிதான் இருக்கும். காலையில் பசுவுக்கு வைத்துவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பசு, வேறு எதைப் போட்டாலும் வாங்குகிறது, அந்தத் தட்டுச் சோற்றை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.

குசுமாவதி


சென்னை
29.9.2025

அத்தைக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு ஏன் இல்லை?

பொன்னியிடம் சொன்னேன். "உங்க அத்தை தனியா இருந்து இருந்து என்னென்னமோ நெனைக்கிறாங்க, போய்க் கூட்டிட்டு வா" என்றாள். ஆனால் எண்ணுவது நீங்கள் இல்லையே. அது பார்ப்பது வைஃபையை, மனசை இல்லை. எனக்குத் தெரிந்த எல்லாக் காரணத்தையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பொருந்தவில்லை.

ஒரு வழி இருக்கிறது. அந்தக் கோப்பின் தலையில் மூன்று போன்களின் எண்கள் வரிசையாக இருக்கும், பக்கத்தில் நம் பெயர்களோடு. 'அஜிதன்' என்றிருக்கும் வரிக்கு முன்னால் # என்ற குறியைப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியை இல்லாததாக எடுத்துக்கொள்ளும். அதன்பின் எண்ணிக்கையில் அவர் வரமாட்டார். தினமும் ஒழுங்காகக் கூப்பிடும்.

ஒரு குறி. அவ்வளவுதான். போட்டுவிடுங்கள் அத்தை. தீபாவளிக்கு நான் வருகிறேன்.

ஸ்வேதா


திருவண்ணாமலை
6.10.2025

அன்புள்ள ஸ்வேதா,

அந்த வரிக்கு முன்னால் போய் நின்றேன். துடிக்கிற கோடு ஒன்று இருக்கிறதே, அது அவன் பெயருக்கு முன்னால் துடித்துக்கொண்டிருந்தது. குறி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தும்விட்டேன்.

என்னால் முடியவில்லை. ரேஷன் கார்டில் அவன் பெயரை எடுத்தாயிற்று. வாக்காளர் பட்டியலில் எடுத்தாயிற்று. காஸ் புத்தகத்தில் எடுத்தாயிற்று. எடுக்கச் சொன்ன இடத்திலெல்லாம் நான்தான் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவன் கையால் எழுதி அவன் வீட்டில் இருக்கிற இந்த ஒரு இடத்தில் அவன் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ கேட்டாயே, உங்களுக்கு ஏன் பயமில்லை என்று. முதல்நாள் அது பேசியபோது பயந்தேன். பேசாதபோது பயமில்லை. பெற்றவளுக்குப் பிள்ளை வீட்டில் இருப்பதில் என்ன பயம்?

தீபாவளிக்கு வா. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை, பட்டாசும் பலகாரமும் இல்லை. பகவான் மகாவீரர் மோட்சம் போன நாள், ஒரு விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நாம் சும்மா உட்கார்ந்திருக்கலாம். சொந்தக்காரர்கள் முன்னால் நான் சொன்னதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். எழுத்தில் வேண்டாம்.

அவன் போனைக் கொண்டுவராதே. அங்கேயே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே.

குசுமாவதி


சென்னை
27.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பொன்னியே காலி செய்துவிட்டாள்.

அன்று விளக்கேற்றிய பிறகு நீங்கள் ஒன்றும் பேசாமல் என் தலையைத் தடவினீர்கள். நான் அதற்குத்தான் வந்தேன் போலிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் இப்போது வலிக்கவில்லை. பங்குனிக்குப் பிறகு இந்தத் தடவைதான் நான் விடியும்வரை தூங்கியிருக்கிறேன்.

மாடி அறைக்கு மட்டும் நான் போகவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள். கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ஆனால் நான் இருந்த எல்லாச் சாயங்காலமும் அது கூப்பிடவில்லை. நீங்கள் ஒன்று, நான் ஒன்று, இரண்டு போன். சரியாகத்தான் வேலை செய்கிறது. விசித்திரமாக எதுவும் நடக்கவில்லை. அதனால் எனக்கு மனசு லேசாகிவிட்டது.

ஒன்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. நாம் இரண்டு பேர்தானே இருந்தோம், தினமும் ஏன் மூன்று தட்டு போட்டீர்கள்? பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்வேதா


திருவண்ணாமலை
1.11.2025

அன்புள்ள ஸ்வேதா,

பழக்கதோஷம் இல்லை. நீ மாடிக்குப் போகாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், பயந்துவிடுவாய் என்று நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ இருந்த நாட்களில் திரையில் 2 இல்லை. நீ பஸ்ஸை விட்டு இறங்கி வந்த அன்றிலிருந்து கடைசி நாள் வரைக்கும் 3.

ஒவ்வொரு சாயங்காலமும் நீ கை கழுவப் போகும்போது நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்துவிட்டுத்தான் தட்டு போட்டேன். அந்த மூன்றாவது தட்டு இருந்த பக்கமே திரும்பி உட்கார்ந்து நீ சாப்பிட்டாய். உனக்குத் தெரியாது. எனக்குப் பார்க்க நன்றாக இருந்தது.

இன்னொன்று. நீ சென்னைக்கு பஸ் ஏறிய சாயங்காலம் அது கூப்பிட்டது. திரையில் 1. மறுநாளும் 1. அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாள்கூட விடாமல் "அம்மா, வெளிச்சம் போகுது, சாப்பிடும்மா"தான். 2 வரவே இல்லை. வீடு இப்போது நிஜமாகவே காலியாக இருக்கிறது.

உன்னோடு கிளம்பிவிட்டான் போலிருக்கிறது.

வருத்தமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டினவள் தனியாக இருக்கும்போது அம்மாவோடு உட்கார்ந்திருந்தால் நானே திட்டித்தான் அனுப்பியிருப்பேன். நான் சாப்பிடுகிறேன். கூப்பிடுகிறதே, அது போதும். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. தனியாகச் சாப்பிடுகிறோம் என்று மட்டும் நினைக்காதே.

குசுமாவதி


சென்னை
6.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. என் கட்டில், பொன்னியின் கட்டில், கொடியில் துணி. அவ்வளவுதான்.

ஆனால் நான் ஊரிலிருந்து வந்ததிலிருந்து மெஸ்ஸில் சாப்பிடப் போனால் அடுக்கிலிருந்து இரண்டு தட்டு எடுக்கிறேன். நேற்றும் எடுத்தேன். "ரெண்டு எதுக்குடி உனக்கு?" என்று பொன்னி கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தேன். உங்கள் கடிதம் எனக்குக் கிடைத்தது இன்றைக்குத்தான்.

இன்று மத்தியானமே ஆபீஸில் பேசிவிட்டேன். இனிமேல் வேலையை அங்கே இருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இனி அங்கேதான் இருப்பேன். அந்த மாடி அறையில்தான் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறேன். நான் வந்துவிட்டால் கம்ப்யூட்டர் உங்களைக் கூப்பிடாது. பரவாயில்லை, நான் கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வெளிச்சம் போவதற்குள் வந்துவிடுவோம். சமைத்து வையுங்கள். பஸ்ஸில் இரண்டு சீட் போட்டிருக்கிறேன்.

ஸ்வேதா